எஜெக்டர் பின்களுக்கு டிஎல்சி பூச்சு: ஒரு மோல்டு பட்டறையின் மதிப்பீடு

மருந்துப் புட்டிகளுக்கு மூடி வார்க்கும் மோல்டுகளில் பெரிய தொல்லை கிரீஸ்தான். வார்த்த மூடியை மோல்டிலிருந்து தள்ளி வெளியேற்ற, சில வினாடிகளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஓடும் எஜெக்டர் பின்னுக்குக் கிரீஸ் தடவினால், அது துளை வழியே கசிந்து வெள்ளை மூடியின் உட்புறத்தில் கருமையாக ஒட்டிக்கொள்ளும். தடவாவிட்டால், எஃகோடு எஃகு உராய்ந்து கவ்வி, பின்னின் உடலில் நீளவாக்கில் கீறல் விழுந்து, கடைசியில் பின் துளைக்குள்ளேயே இறுகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கோவைப் பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. பின்களுக்கு டிஎல்சி (டயமண்ட் லைக் கார்பன்) எனப்படும் கடினக் கரிப் பூச்சு போட்டு வாங்கிய பிறகு, முகப்புப் பகுதியில் கிரீஸ் இல்லாமலேயே மோல்டு ஓடுகிறது. ஆகவே இந்தப் பூச்சையும், அதைப் போட்டுத் தரும் ஜாப் ஒர்க் சேவையையும் பற்றி விரிவாக எழுதுவது மற்ற மோல்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

டிஎல்சி என்பது படிக ஒழுங்கு இல்லாத கரிப் படலம். கரி அணுக்கள் சில இடங்களில் வைரத்தில் இருப்பது போலவும், சில இடங்களில் கிராஃபைட்டில் இருப்பது போலவும் பிணைந்திருப்பதால், கடினமும் வழுவழுப்பும் ஒரே படலத்தில் கிடைக்கின்றன. ஐசன்பெர்க், ஷாபோ என்ற இரு ஆய்வாளர்கள் அயனிக் கற்றையால் இத்தகைய படலத்தை உருவாக்கி 1971-இல் வெளியிட்டார்கள். இன்று டீசல் இன்ஜெக்டர் உறுப்புகள் முதல் சவர பிளேடின் விளிம்பு வரை இது பரவியிருக்கிறது. 60 ராக்வெல் கடினத்துக்கு ஏற்றிய எஃகு விக்கர்ஸ் என்ற கடின அளவீட்டில் ஏறத்தாழ 700 காட்டும். ஹைட்ரஜன் கலந்த சாதாரண டிஎல்சி 1,500-லிருந்து 3,000 வரை காட்டும். எங்கள் வேலைக்கு அதைவிட முக்கியமானது உராய்வு எண். எண்ணெய் இல்லாமல் எஃகின் மேல் எஃகு ஓடினால் அது 0.6 அளவில் இருக்கும். டிஎல்சியின் மேல் எஃகு ஓடினால் 0.1-க்கும் 0.2-க்கும் இடையில் நிற்கும். பின்னுக்கு மட்டும் பூச்சு இருந்தாலே போதும் என்பதால், நீளமான குறுகிய துளைக்குள் படலம் சரியாகப் படியாது என்ற குறை எங்களைப் பாதிக்கவில்லை.

பூச்சின் தடிமன் 2 அல்லது 3 மைக்ரான்தான். இவ்வளவு மெல்லிய படலத்தின் ஆயுளை அடியில் உள்ள எஃகுதான் தீர்மானிக்கிறது என்பதை வாங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மென்மையான எஃகின் மேல் டிஎல்சி போடுவது மெத்தையின் மேல் கண்ணாடி விரிப்பதற்குச் சமம்: பாரம் விழுந்தால் அடித்தளம் அமுங்கும், படலம் நொறுங்கும். மேற்பரப்பின் வழுவழுப்பும் அப்படித்தான். பூச்சு எந்தக் கீறலையும் மறைப்பதில்லை. கிரைண்டிங் கோடுகள் இருந்தால் அதே கோடுகள் இப்போது கடினமாகி, எதிர்ப்புறத் துளையை அரம் போல ராவத் தொடங்கிவிடும்.

நல்ல சேவையை அடையாளம் காண்பதும் இந்த இடத்தில்தான். இப்போது நாங்கள் கொடுக்கும் நிறுவனம், பின்களைக் கையில் வாங்குவதற்கு முன்பே எந்த ஸ்டீல், எத்தனை டிகிரியில் டெம்பர் செய்தது (கடினப்படுத்திய பின் மறுபடி மிதமாகச் சூடாக்கியது), நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) ஆனதா, கடைசியாக எப்படி பாலிஷ் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இவை ஒப்புக்குக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. பூச்சு போடும் வெற்றிட அறையில் வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கும், சில முறைகளில் அதற்கு மேலும் போகும். 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்த எச்13 ரக எஃகுப் பின்னுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 180 டிகிரியில் டெம்பர் செய்த இஎன்31 ரக எஃகு புஷ்ஷை அதே அறைக்குள் வைத்தால் அதன் கடினம் இறங்கும், அளவும் மைக்ரான் கணக்கில் நகரும். நைட்ரைடிங் செய்த பின்களின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்தை நீக்காமல் பூச்சு போட்டால், அந்தப் படலமே பெயர்ந்து டிஎல்சியையும் கூட எடுத்துக்கொண்டு வரும். இந்த நிறுவனம் அதை நீக்கி, மறுபடி பாலிஷ் செய்து, அதன் பிறகே அறைக்குள் ஏற்றியது.

அறைக்குள் முதலில் ஆர்கான் அயனிகள் மோதி மேற்பரப்பைச் சுத்தம் செய்கின்றன. அடுத்து, எஃகோடு ஒட்டுவதற்காகக் குரோமியம் அடுக்கு படிகிறது. அதன் மேல்தான் அசிட்டிலீன் வாயுவைப் பிளாஸ்மாவில் உடைத்துக் கரியைப் படிய வைக்கிறார்கள். அந்த அடிப்படை அடுக்கு சரியாக ஒட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கறுத்துப் பளபளக்கும் பின் எல்லாம் நல்ல பின் அல்ல.

அதனால், ஒவ்வொரு தடவையும் பின்களோடு அதே ஸ்டீலில் ஒரு சிறு வில்லையையும் வைத்துப் பூச்சு போட்டுச் சோதனைச் சான்றோடு தரச் சொல்கிறோம். ராக்வெல் சி அளவியின் வைர முனையால் வில்லையில் ஒரு பள்ளம் பதித்து, அதன் விளிம்பை நுண்நோக்கியில் பார்ப்பதுதான் சோதனை. நன்றாக ஒட்டிய பூச்சில் பள்ளத்தைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல்கள் மட்டும் ஆரம் ஆரமாக ஓடும். மோசமான பூச்சில் விளிம்பை ஒட்டிப் படலம் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் உள்ள எஃகு வெளுப்பாகத் தெரியும். ஜெர்மானியத் தரக் குறிப்பு இதை எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை வகைப்படுத்துகிறது. கடைசி இரண்டையும் ஏற்கக் கூடாது. இதற்கு முன் வேறோர் இடத்தில் போட்டு வாங்கிய பின்கள் மோல்டில் ஏறிய சில நாட்களிலேயே முனையில் உரிந்தன. அங்கே வில்லையும் இல்லை, சான்றும் இல்லை, கேட்டதற்குச் சரியான பதிலும் இல்லை. விலை குறைவு என்பதைத் தவிர அந்தச் சேவையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இப்போதைய சேவையிலும் குறைகள் உண்டு. அறை நிறையும் அளவுக்கு வேலை சேர்ந்த பிறகுதான் ஏற்றுவார்கள் என்பதால், கொஞ்சமாகக் கொடுப்பவர் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பின்களை ஒரே பிளாஸ்டிக் கவரில் மொத்தமாகப் போட்டு அனுப்பினார்கள். முனைகள் ஒன்றோடொன்று இடித்துச் சிலவற்றில் விளிம்பு தெறித்திருந்தது. சொன்ன பிறகு துளையிட்ட ஃபோம் தட்டில் வருகின்றன. டைட்டானியம் நைட்ரைடு பூச்சைவிடக் கட்டணம் அதிகம். ஆயினும் கிரீஸ் கறையால் திரும்பி வரும் மூடிகளையும், பின் இறுகியதால் மோல்டை இறக்கிப் பிரிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால் அந்தக் கூடுதல் செலவு நியாயமானதே.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. 300 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரஜன் கலந்த டிஎல்சி மெல்ல மெல்லக் கிராஃபைட்டாக மாறித் தன் கடினத்தை இழக்கும் என்பதால், உருக்கிய அலுமினியம் பாயும் டை காஸ்டிங் வேலைக்கு இதைக் கேட்கக் கூடாது. கண்ணாடி இழை கலந்த நைலான் ஓடும் மோல்டிலும் இந்த மெல்லிய படலத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. அந்த அரைப்பை அடியில் உள்ள ஸ்டீலே தாங்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் மூடிகளுக்கு இத்தகைய கவலை எதுவும் இல்லை. பின்னின் விட்டத்தில் 4 முதல் 6 மைக்ரான் கூடும் என்பதை மட்டும் துளையை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவரும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த பூச்சை நீக்கி அதே பின்னில் மறுபடி போட முடியும் என்பது இன்னொரு வசதி.

அடுத்ததாக, மோல்டுக்குள் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடர்களின் தேய்மானத் தகடுகளை இதே நிறுவனத்திடம் கொடுக்கிறோம். அவற்றுக்கு டங்ஸ்டன் கலந்த வகையைக் கேட்டிருக்கிறோம். கடினம் 1,000-லிருந்து 1,500 விக்கர்ஸ் வரைதான் என்றாலும், அகலமான பரப்பில் அழுத்தத்தோடு சறுக்கும் உறுப்புகளில் அது சாதாரண டிஎல்சியைப் போலச் சட்டென்று நொறுங்குவதில்லை.