28,500 டொலருக்குத் திருட்டுக் காரை எங்கள் தலையில் கட்டினான்: ஒன்ராறியோவில் பழைய கார் தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் காலை பத்தேகால் மணிக்கு எங்கள் காரைப் பொலிஸார் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் கார் என்று இன்னும் வாய் தவறி வருகிறது. அது எங்கள் கார் இல்லையாம். 28,500 டொலர் எண்ணிக் கொடுத்து, பதிவு செய்து, காப்புறுதி கட்டி, பத்து வாரம் ஓட்டிய பிறகு சொல்கிறார்கள். இந்த வசந்த காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலிலிருந்து களவு போன கார் அது.

இரண்டு இரவுகளாகக் கண் மூடவில்லை. இதை வெளியில் சொல்வதே வெட்கம் என்று பேசாமல் இருந்தேன். நேற்று இரவு, அந்தக் காரை நாங்கள் கண்டு வாங்கிய அதே விளம்பரத் தளத்தைத் திறந்தேன். எங்கள் கார் விளம்பரப் படத்தில் இருந்த அதே செங்கல் சுவர், அதே பச்சைக் குப்பைத் தொட்டி, முன்னால் வேறொரு கார். விற்பவன் பெயர் வேறு, தொலைபேசி எண் வேறு, இடம் அதேதான். இந்தச் சனிக்கிழமை இன்னொரு குடும்பம் பிள்ளைகளோடு அங்கே போய் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். தளத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று சட்டம் தெரிந்த ஒருவர் சொன்னார். பழைய சோபாவிலிருந்து வாடகை அறை வரைக்கும் யாரும் இலவசமாக விளம்பரம் போடக்கூடிய தளம் என்று மட்டும் சொல்கிறேன். கார் வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

என் மாமனாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். எங்களிடம் இருந்த சின்னக் காரில் அவரால் குனிந்து ஏற முடியவில்லை. இருக்கை உயரமான, ஏழு பேர் அமரக்கூடிய கார் ஒன்று தேவைப்பட்டது. பணம் சேர்த்த கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் அவன் எடுத்தது வெறும் எண் இல்லை. சீட்டைக் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுத்த 12,000. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து சேர்த்த 10,000. வங்கியில் கடனாக எடுத்த 6,500. மொத்தம் 28,500 டொலர்.

விளம்பரத்தில் இருந்தது 2019 மாடல், 98,000 கிலோமீட்டர் ஓடியது. 30,000 கேட்டிருந்தான். அந்த வகைக் காருக்குச் சந்தையில் 31,000, 32,000 போகிறது. அடிமாட்டு விலை என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இது நியாயமான விலையாகத் தெரிந்தது. அதைத்தான் முதலில் சொல்கிறேன்: மலிவாக விற்கிறவன் மட்டும்தான் திருடன் என்று நினைக்காதீர்கள்.

தொலைபேசியில் என் பெயரைக் கேட்டவுடனேயே தமிழில் பேசத் தொடங்கினான். "அக்கா, நீங்கள் ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். சொன்னேன். அவனுடைய தாயும் அந்தப் பக்கம்தானாம். முப்பது வயது இருக்கும். மழித்த முகம், சுத்தமான சட்டை. காரின் பின்னிருக்கையில் குழந்தை இருக்கை ஒன்று பூட்டியிருந்தது, அதன் மடிப்பில் பிஸ்கட் தூள் கிடந்தது. குழந்தைக்காரன் என்று மனம் இளகியது. அந்தத் தூளைக்கூட அவன் வேண்டுமென்றே தூவியிருப்பானோ என்று நேற்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் முழுதாக நம்பிய கணம் எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், அவரால் ஏற முடிகிறதா என்று பார்க்க. அவன் ஓடி வந்து கதவைத் திறந்து, அவருடைய இடது கையைப் பிடிக்கப் போனான். அந்தக் கையில்தான் டயலிசிஸ் ஊசி ஏற்றுகிறார்கள். நான் "தம்பி, அந்தக் கை..." என்று வாயெடுக்குமுன் அவனே கையை இழுத்துக்கொண்டான். "தெரியும் அக்கா, என் பெரியப்பாவுக்கும் டயலிசிஸ்தான், அந்தக் கையைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் போய் வலது முழங்கையைத் தாங்கினான். "ஐயா, மெதுவாக" என்றான். மாமா ஏறி உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். அந்த இடத்திலேயே நான் காரை வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் பார்த்ததாகவே ஆகாது.

பார்க்காமலும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டுபோனோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் புதியது என்றார். அவர் சொன்னது உண்மைதான். திருட்டுக் காருக்கு எஞ்சின் கெட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? காரின் வரலாற்று அறிக்கையைக் காசு கொடுத்து எடுத்தோம். விபத்து இல்லை, கடன் இல்லை. களவு போன வாகனங்களைத் தேடும் மத்திய பொலிஸ் இணையத்தளத்திலும் எண்ணைத் தட்டிப் பார்த்தோம். களவு என்று எதுவும் வரவில்லை. வராது. ஏனென்றால் அந்த 17 இலக்க வாகன அடையாள எண் வேறெங்கோ நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், இதே மாடல், இதே நிறக் காருடையது. அந்த எண்ணைத் தகட்டில் அடித்து, முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒவ்வொரு அறிக்கையும் அந்த நல்ல காரைப் பற்றியது. எங்கள் முன்னால் நின்ற காரைப் பற்றி ஒரு காகிதமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் பழைய காரை விற்றால், அரசின் வாகனத் தகவல் தொகுப்பை வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் கொடுத்தான். அதில் அவன் பெயரில் கார் பதிவாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டேன். "கல்கரியிலிருந்து வேலை மாற்றலாகி வந்தோம் அக்கா, இங்கே வந்துதான் மாற்றினேன்" என்றான். சாவி ஒன்றுதான் இருந்தது. கேட்டேன். "மற்றது மனைவியிடம், அவள் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், தபாலில் அனுப்புகிறேன்" என்றான். வங்கி வரைவோலையை மனைவியின் பெயரில் எடுக்கச் சொன்னான். அதையும் கேட்டேன். அதற்கும் ஒரு பதில் இருந்தது. மூன்று கேள்வி, மூன்று பதில். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாக இருந்தது. கடைசியில் எங்கள் குடும்ப நிலைமையைக் கேட்டு, தானாகவே 1,500 டொலர் குறைத்தான். என் கணவர் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நன்றி சொல்லி, 28,500 டொலரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் உரிமம் மாற்றப் போனபோது 13 வீத வரி கட்டினோம். 3,705 டொலர். திருட்டுக் காருக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டிய குடும்பம் நாங்கள்.

கார் களவைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ரொறன்ரோ பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டு வாசலில் கார் போயிருக்கிறது. வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் சமிக்ஞையை வெளியிலிருந்தே கருவி வைத்துப் பிடித்து, கண்ணாடிகூட உடைக்காமல் கொண்டுபோய்விடுகிறார்கள். 2024 பெப்ரவரி 8ஆம் தேதி மத்திய அரசு ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு கூட்டியது. ஆண்டுக்குச் சுமார் 90,000 கார்கள் களவு போவதாக அப்போது சொன்னார்கள். அந்த ஏப்ரலில், மொன்றியல் துறைமுகத்தில் 598 வாகனங்களை மீட்டதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். இதையெல்லாம் படித்தவள்தான் நான். களவு போகும் கார் கொள்கலனில் ஏறிக் கடல் கடந்து போய்விடும் என்றே எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். ஒரு பகுதி இங்கேயே எண் மாறி, நம் தெருவுக்கே, நம்மிடமே விற்பனைக்கு வரும் என்று எனக்கு உறைக்கவில்லை. பத்து வாரமும் ஸ்டியரிங்கில் இரும்புப் பூட்டுப் போட்டோம். சாவியை அலுமினியத் தாளில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தோம். திருடனிடம் வாங்கிய காரைத் திருடன் கொண்டுபோகாமல் காவல் காத்தோம்.

இரண்டாவது சாவி வரவே இல்லை. முதல் இரண்டு வாரம் "இன்று அனுப்புகிறேன் அக்கா" என்று செய்தி வந்தது. பிறகு எண் இயங்கவில்லை. சரி, போனால் போகிறது, நாமே ஒன்று செய்துகொள்வோம் என்று அந்தக் கார் நிறுவனத்தின் முகவரிடம் போனேன். புதிய சாவியைக் காரோடு இணைக்கக் கணினியைப் பொருத்திய பையன் திரையைப் பார்த்தான், முன்கண்ணாடித் தகட்டைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தான். காரின் உள் கணினியில் பதிந்திருந்த எண் வேறு. தகட்டில் இருந்த எண் வேறு.

நானே பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓடி ஒளியவில்லை. வந்த இரண்டு அதிகாரிகளும் மரியாதையாகவே நடந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பின்னிருக்கையிலிருந்து மகளின் இருக்கையையும், மாமாவின் போர்வையையும் நான் தெருவில் இறக்கி வைத்தபோது, எதிர் வீட்டுத் திரை விலகியது. நாங்கள்தான் திருடர்கள் போல நின்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வயிற்றை இன்னும் எரிக்கிறது.

காப்புறுதி நிறுவனம்: களவுக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் கட்டினோம் என்று கேட்டேன். "உங்களிடமிருந்து கார் திருடப்படவில்லையே" என்றார் அந்தப் பெண். அந்தக் கார் என்றைக்குமே உங்கள் சொத்தாக இருந்ததில்லை, ஆகவே உங்களுக்கு இழப்பு இல்லை என்று விளக்கினார். 28,500 டொலர் இழப்பு இல்லையாம். பழைய சொந்தக்காரருக்கு அவருடைய காப்புறுதி நிறுவனம் அப்போதே பணம் கொடுத்துவிட்டதால், கார் இப்போது அந்த நிறுவனத்துக்குப் போகும். காரும் அவர்களுக்கு, கடன் எங்களுக்கு.

வங்கி: வரைவோலை மாறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது. யாருடைய கணக்கில் மாறியது? தனியுரிமை, சொல்ல முடியாது. என் பணம் போன இடத்தை என்னிடம் சொல்வது அவனுடைய தனியுரிமைக்குக் கேடாம்.

உரிம அலுவலகம்: நாங்கள் காகிதத்தைத்தான் பார்ப்போம், காரைப் பார்ப்பதில்லை. கட்டிய வரி? அமைச்சுக்கு எழுதுங்கள்.

விளம்பரத் தளம்: மூன்று முறை முறைப்பாடு கொடுத்தேன். மூன்று முறையும் ஒரே பதில், எழுத்து மாறாமல். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் தங்களுக்குப் பொறுப்பு இல்லையாம். நேற்று இரவு அந்தப் புதிய விளம்பரத்தைக் காட்டி, இவன்தான் என்று எழுதினேன். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று இன்று காலை பதில் வந்தது.

பதிவு பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் மாகாண இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்க வழி இருந்திருக்கும். தனியாரிடம் வாங்கியதற்கு அதுவும் இல்லை. அவன் காட்டிய சாரதி அனுமதிப்பத்திரம் போலி. இப்போது என்னிடம் இருப்பது ஒரு வழக்கு எண் மட்டும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுக்குமுன் காரை அந்த நிறுவனத்தின் முகவரிடம் கொண்டுபோய், உள் கணினியில் இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் 28,500 டொலரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே காரியம் அது. முன்கண்ணாடித் தகடு, ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் இருக்கும் ஸ்டிக்கர், கணினி மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரின் விளிம்பு கிளம்பியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒற்றைச் சாவியோடு வரும் காரை வாங்காதீர்கள். விற்பவன் பெயரில் பதிவாகிச் சில வாரமே ஆன காரையும் வாங்காதீர்கள். பதிவில் ஒரு பெயர், வரைவோலைக்கு வேறு பெயர் என்றால் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லாமல் கடைத்தெரு வாகனத் தரிப்பிடத்திலோ, யாருடையது என்று தெரியாத கட்டடத்தின் பின்பக்கத்திலோ காட்டுகிறவனிடம் வாங்காதீர்கள். நம் மொழி பேசுகிறான் என்பதற்காக ஒரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தச் செங்கல் சுவரில் பாதி அழிந்த வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று இருக்கும், பச்சைக் குப்பைத் தொட்டியின் மூடி உடைந்திருக்கும். அந்தப் பின்னணியோடு கார் விளம்பரம் கண்டவர்கள் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொலிஸுக்கு உடனே சொல்லுங்கள். அவனை நேரில் சந்தித்தவர்கள், அவனிடம் வாங்கி இப்போது ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போனால் பொலிஸார் அந்த வரைவோலையின் தடத்தையாவது விரைவாகப் பிடிப்பார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.