கால் அளவு போர் விமானம்: எதை முதலில் கட்டுவது?

கால் அளவில், அதாவது அசலின் நாலில் ஒரு பங்கு நீளத்தில், பெரிய ரிமோட் விமானம் கட்டப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "எது நல்லா பறக்கும்?" ஒழுங்காக அளந்து கட்டினால் எல்லாமே பறக்கும். நான் இதுவரை உடைத்தவற்றில் காற்றில் இருக்கும்போது போனது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் சக்கரம் புல்லைத் தொட்ட பிறகு, "அப்பாடா" என்று நான் மூச்சு விட்ட நொடியில் போனவை. அதனால் நான் கேட்கும் கேள்விகள் வேறு. தரையில் நேராக ஓடுமா? வால் பக்கம் சாயாமல் சமநிலைக்கு வர மூக்கில் எவ்வளவு ஈயம் கேட்கும்? காரிலிருந்து இறக்கிப் பூட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, முதல் உலகப் போர் விமானங்களில் மூன்றையும் இரண்டாம் உலகப் போர் விமானங்களில் மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நீளத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தால் எடை நாலில் ஒன்றாகாது. 4 × 4 × 4, அதாவது 64-இல் ஒரு பங்காக வேண்டும். முதல் போரின் பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானமான சாப்வித் பப் முழுச் சுமையோடு 556 கிலோ. 64-ஆல் வகுத்தால் 8.7 கிலோ வருகிறது. கால் அளவு பப்பை சுமாராகக் கட்டத் தெரிந்தவர் கட்டினாலும் ஏழிலிருந்து ஒன்பது கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆக, மாடலும் கிட்டத்தட்ட அசலின் எடைக் கணக்கிலேயே பறக்கிறது. பழைய இரட்டை இறக்கை விமானங்களின் மாடல்கள் ஆகாயத்தில் அவ்வளவு இயல்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இரண்டாம் போரின் பிரிட்டிஷ் ஹரிக்கேனின் கதை வேறு. அசல் சுமார் 3 டன். ஐந்தில் ஒன்று அளவுக்கு 125-ஆல் வகுத்தால் 24 கிலோ. அவ்வளவு கனமாகக் கட்டினால் அது இறங்கும் வேகத்தைப் பார்த்து நீங்களே ஓடி ஒளிவீர்கள். 14 கிலோவுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டையையும் துளைபோட்டு இழைத்துக்கொண்டே இருப்பீர்கள். பிரிட்டனில் 25 கிலோவைத் தாண்டினால் தனி அனுமதியும் வாங்க வேண்டும்.

சிவப்பு மூன்றடுக்கு

எல்லோரையும் போல நானும் முதல் போரின் ஜெர்மன் விமானமான ஃபாக்கர் டிஆர்-1-இல்தான் ஆரம்பித்தேன். மூன்று இறக்கை, சிவப்பு நிறம், 'சிவப்பு பரோன்' என்று பெயரெடுத்த ஜெர்மன் விமானி ரிக்டோஃபன். அவர் எதிரி விமானங்களை வீழ்த்திய 80 வெற்றிகளில் இந்த விமானத்தில் கிடைத்தவை 20-க்கும் குறைவு என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் சிவப்புதான் அடித்திருப்பேன், அது வேறு விஷயம்.

இதன் பக்கம் சொல்ல நியாயங்கள் இருக்கின்றன. அசலின் இறக்கை நீளமே 7.19 மீட்டர்தான், கால் அளவில் 1.8 மீட்டர். சாதாரணக் காரில் பின் சீட்டை மடித்தால் போய்விடும். இறக்கைக்குள் கனமான பெட்டி ஸ்பார், அதாவது நீளவாட்டு உத்தரம், இருப்பதால் இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிக் கட்டு கிட்டத்தட்ட இல்லை. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அய்லரான் மடல்கள் மேல் இறக்கையில் மட்டும். காற்றில் ஏறிவிட்டால் சுழன்று விளையாடும்.

இறங்கும்போதுதான் வம்பு. டிஆர்-1-க்கு வாலில் நிலையான செங்குத்துத் தகடு கிடையாது. காற்புள்ளி வடிவத்தில், இடம் வலம் திருப்பும் ஒரு ரட்டர் மட்டும். வால் கீழே சாயச் சாய, முன்னால் நிற்கும் மூன்று இறக்கையும் உடலும் காற்றை மறைத்துவிடுகின்றன. ரட்டருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் பிடிமானம் போய்விடுகிறது. அசலிலும் இதே தொல்லைதான். கீழ் இறக்கையின் நுனிகளுக்கு அடியில் மர வளையங்களைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினார்கள். விமானம் தரையில் சுழன்று சாயும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

என்னுடையது ஏழாவது இறக்கத்தில் போனது. லேசான பக்கக்காற்று. இரண்டு சக்கரமும் அழகாகத் தொட்டன. நாலு மீட்டர் நேராக ஓடியது. பிறகு வால் மெதுவாக இடது பக்கம் போனது. நான் ரட்டரை முழுதாகத் தள்ளினேன். அது கண்டுகொள்ளவே இல்லை. விமானம் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, வலது கீழ் இறக்கையைப் புல்லில் ஊன்றி, மூக்கைக் குத்தி நின்றது. புரொப்பெல்லர் இரண்டு துண்டு, அச்சு வளைவு. மர வளையம் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 1917 அக்டோபர் கடைசியில் இரண்டு டிஆர்-1 விமானங்களின் மேல் இறக்கை பறக்கும்போதே உடைந்து விமானிகள் இறந்தார்கள். உள்ளே ஈரம் புகுந்ததும், தொழிற்சாலையில் வேலை சுத்தமாக இல்லாததும் விசாரணையில் தெரிந்தது. நான் இப்போது துணி ஒட்டும் முன் இறக்கையின் உள்பக்கம் முழுக்க ஒரு கை வார்னிஷ் அடிக்காமல் விடுவதில்லை. பெட்ரோல் இன்ஜின் துப்பும் எண்ணெய் பால்சா மரத்துக்குள் இறங்கினால் பசை விட்டுப்போக இரண்டு சீசன் போதும்.

பப்பும் டி-7-உம்

சாப்வித் பப் இதற்கு நேர் எதிர். அசல் 8.08 மீட்டர், 80 குதிரைத்திறன் லெ ரோன் இன்ஜின். எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதற்கு ஒரு சாட்சி: 1917 ஆகஸ்ட் 2-ஆம் தேதி எட்வின் டன்னிங் இதை ஓடிக்கொண்டிருந்த ஃபியூரியஸ் கப்பலின் தளத்தில் இறக்கினார். தளத்தில் நின்றவர்கள் ஓடிவந்து விமானத்தில் கட்டியிருந்த வார்களைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி இறங்கும்போது விமானம் கடலில் விழுந்து அவர் இறந்துபோனார். கால் அளவு பப்பை எதிர்காற்றில் இறக்கிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

அப்படியானால் பப்பையே கட்டிவிடலாமே என்றால், இரண்டு சிக்கல். ஒன்று, ஈயம். அசலில் இருந்தது ரோட்டரி இன்ஜின். ஒன்பது சிலிண்டரும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும் அந்த இரும்புக் கனம் முழுக்க மூக்கு நுனியில் இருந்தது, அதனால் மூக்கைக் குட்டையாக வைத்தார்கள். நம் 38 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தக் கனம் இல்லை. குட்டை மூக்கு, நீண்ட உடல், பின்னால் ஒவ்வொரு கிராமும் நெம்புகோலாக வேலை செய்கிறது. என் நண்பரின் பப்புக்கு இன்ஜின் கவசத்துக்குள் 650 கிராம் ஈயம் வைத்தோம். வாலைக் கட்டும்போதே ஒவ்வொரு குச்சியையும் தராசில் போட்டிருந்தால் அதில் பாதி போதும். சாப்வித்தின் இன்னொரு விமானமான காமெல் இன்னும் மோசம். அதை முதல் விமானமாகக் கட்டாதீர்கள்.

இரண்டாவது, கம்பிகள். பப்பின் இறக்கையைத் தாங்குவதே கம்பிக் கட்டுத்தான். அழகுக்கு வைத்தவை என்று தளர விட முடியாது. ஒவ்வொரு தடவையும் மைதானத்தில் ஊசி மாட்டி, திருகி, இழுவை பார்த்து முடிக்க 35 நிமிடம். குளிர்காலக் காலையில் விறைத்த விரலோடு புல்லில் விழுந்த ஊசியைத் தேடியவருக்குத் தெரியும் அந்தச் சுகம்.

என் தேர்வு ஜெர்மனியின் ஃபாக்கர் டி-7. அசல் 8.9 மீட்டர், கால் அளவில் 2.2 மீட்டர். மூக்கில் ஆறு சிலிண்டர் மெர்சிடஸ் நேர்வரிசை இன்ஜின் படுத்திருந்த நீளப் பெட்டி. நம் இன்ஜின், பேட்டரி, இக்னிஷன் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். எல்லாமே முன்னால் தள்ளி இருப்பதால் ஈயம் பெயருக்குத்தான். முன்முகத்தில் கார் மாதிரி ரேடியேட்டர் இருப்பதால் இன்ஜினுக்குக் காற்று போக தனியாகப் பொய்த்துளை போட வேண்டாம். அந்த ரேடியேட்டர் வலையே போதும். இறக்கை தடிமன், உள்ளேயே பலம் இருப்பதால் வெளியே கம்பிக் கட்டு இல்லை. N வடிவத் தாங்கி இரண்டு, நடுவில் குழாய்ச் சட்டம். பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். தரையிலும் டிஆர்-1-இன் குணம் இல்லை: உடல் நீளம், வாலில் சின்ன நிலைத்தகடும் உண்டு. 1918 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவற்றில் இந்த விமானத்தைப் பெயர் சொல்லியே கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இதில் வலியே இல்லையா? இருக்கிறது, துணியில். டி-7-இன் இறக்கைக்கு ஜெர்மானியர்கள் பல நிறப் பலகோணங்கள் அச்சடித்த துணியைப் போர்த்தினார்கள். நாலு நிறத்திலும் உண்டு, ஐந்து நிறத்திலும் உண்டு. அச்சடித்த துணி விலைக்குக் கிடைக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரிதான். நான் கஞ்சத்தனம் பண்ணி, வெள்ளைத் துணியில் அட்டை வெட்டி வைத்து நானே நிறமடித்தேன். ஒரு இறக்கையின் ஒரு பக்கத்துக்கு ஆறு மாலைப்பொழுது. மூன்றாவது நாள், ஊதாவும் பச்சையும் இடம் மாறியிருப்பதை என் மகள் வந்து காட்டினாள். அப்படியே விட்டுவிட்டேன், தரையிலிருந்து யாருக்கும் தெரியாது. ரிப் என்கிற இறக்கை விலாக்களின் மேல் ஒட்டும் நாடா, நூல் தையல் மாதிரியான புள்ளிகள் எல்லாம் சேர்த்தால் கட்டும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அலங்காரத்துக்கே போகும்.

முதல் போரின் பிரிட்டிஷ் எஸ்இ-5ஏ-யையும் சொல்லாமல் விட முடியாது. நீள மூக்கு, நல்ல நிதானம், ஆனால் கம்பிகள் பப் மாதிரியே. கல்கத்தாவில் பிறந்த போர் விமானி இந்திர லால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள் கண்டது இந்த விமானத்தில்தான். அவருடைய அடையாளங்களோடு ஒன்றைக் கட்ட வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு மட்டும் இருக்கிறது.

ஒற்றை இறக்கைக்கு மாறும்போது

இரண்டாம் போர் விமானம் என்றதும் கை தானாக ஸ்பிட்ஃபயர் பக்கம் போகும். நீள்வட்ட இறக்கையில் ஒரு ரிப் மாதிரி இன்னொரு ரிப் இருக்காது. மேலே பால்சாத் தகட்டை வளைத்து ஒட்டும்போது நுனியில் கீறல் விழுந்தே தீரும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மடக்குச் சக்கரங்கள் வெளிப்பக்கமாக மடிவதால் தரையில் நிற்கும்போது இரண்டு சக்கரமும் நெருக்கமாக இருக்கும், டிஆர்-1 தந்த பாடத்தை அதிக வேகத்தில் மறுபடி படிக்கலாம். இதை இரண்டாவது போர் விமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹரிக்கேனும் அமெரிக்கத் தண்டர்போல்ட்டும் சக்கரத்தை உள்பக்கமாக மடிப்பவை. அகலக் கால் போட்டு நிற்கும். இரண்டில் எது என்று நான் ஒரு வருடம் தடுமாறினேன். பழைய இரட்டை இறக்கை கட்டிக் கை பழகியவருக்கு ஹரிக்கேன் சொந்த வீடு மாதிரி. பின் உடல் முழுக்க நீளக் குச்சிகளின் மேல் போர்த்திய துணி. டி-7-இல் கற்றது எல்லாம் அப்படியே உதவும். குறை என்னவென்றால், சக்கரம் உள்ளே மடியும்போது கொஞ்சம் பின்பக்கமாகவும் போகும். சாதாரண மடக்குக் கருவியை அப்படியே பூட்ட முடியாது; கோணம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். மூக்கும் குட்டை, மறுபடி ஈயம்.

தண்டர்போல்ட் பெரிய பானை வயிறு. 60 சிசி இன்ஜினைச் சைலன்சரோடு அந்த வட்டக் கவசத்துக்குள் விழுங்கிவிடும், வெளியே ஒன்றும் நீட்டாது. மாடல் விமான வரைபடங்களுக்குப் பேர்போன நிக் ஜிரோலியின் வரைபடத்தில் 92 அங்குல இறக்கை. எத்தனையோ பேர் கட்டிப் பறக்கவிட்ட வரைபடம் என்பதால் எங்கே தடுக்கும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. தரையில் மாட்டு வண்டி மாதிரி நேராக ஓடுகிறது. கட்டுவதில் ஹரிக்கேன் தரும் சந்தோஷம் இதில் இல்லை. உடல் முழுக்கத் தகடு, உப்புத்தாள், தூசி. ஆனாலும் முதல் ஒற்றை இறக்கைப் போர் விமானம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தடுமாற்றத்தைத் தீர்த்தது ஒரு படைப்பிரிவின் பெயர். பிரிட்டிஷ் விமானப் படையின் 79-ஆம் ஸ்குவாட்ரன், மெட்ராஸ் பிரசிடென்சி என்று பெயர் சூட்டப்பட்டது. 1940-இல் இங்கிலாந்தின் வானில் ஹரிக்கேன் ஓட்டியவர்கள், 1942-இல் இந்தியா வந்து, 1944-இல் தண்டர்போல்ட்டுக்கு மாறி பர்மாவில் பறந்தார்கள். ஆக, எந்த விமானத்தைக் கட்டினாலும் அதே ஸ்குவாட்ரன்தான் என்று தண்டர்போல்ட்டையே எடுத்தேன். பர்மா முனையில் வட்டச் சின்னத்தில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்பக் கூடாது என்று நீலத்திலேயே அடர்ந்தது ஒன்று, வெளிறியது ஒன்று.

வெளிறிய நீலத்தை மூன்று தடவை கலந்துவிட்டேன், இன்னும் சரியாக வரவில்லை. அதைவிடப் பெரிய தலைவலி சக்கரக் கால். அசல் தண்டர்போல்ட்டின் புரொப்பெல்லர் பெரிது, அதற்காகக் காலும் நீளம்; இறக்கைக்குள் அடங்குவதற்காக மடியும்போது 9 அங்குலம் சுருங்கும். ஐந்தில் ஒன்று அளவில் அது 4.6 சென்டிமீட்டர். ஸ்பிரிங் வைத்து ஒரு கால் சுருங்குகிறது. இன்னொன்று பாதியில் நின்றுகொண்டு கதவை மூட விடமாட்டேன் என்கிறது.