ஓட்டையை அடைத்த டிவைஸ்: எக்ஸ்ரேயில் எது தெளிவு?

இதய மேலறைகளின் இடைச்சுவரில் இருந்த ஓட்டையை மார்பெலும்பைப் பிளந்து தைத்துக்கொண்டவர் ஒருவர். தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் வைத்து அடைத்துக்கொண்டவர் மற்றொருவர். முதலாமவரின் எக்ஸ்ரேயில் மார்பெலும்பைக் கட்டிய கம்பிகள் வரிசையாக நிற்கும், ஓட்டையில் வைத்த ஒட்டு தெரியாது. இரண்டாமவர் படத்தில் அடைத்த பொருளே தெரியும்.

எந்த அளவுக்கு என்பது டிவைஸைப் பொறுத்தது. 2001 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆம்பிளாட்சர், நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவைக் கம்பிகளைப் பின்னிய வலை. இரு தட்டுகள், நடுவே குறுகிய இடுப்பு. இடது மேலறைப் பக்கத் தட்டு சற்றுப் பெரியது. இதய நிழலுக்குள் சாய்ந்து கிடக்கும் இந்த வலையை முதல்முறை பார்ப்பவரும் தவறவிடமாட்டார். ஹெலக்ஸோ ஒரே ஒரு நிட்டினால் கம்பியின் சுருள். அதைப் போர்த்திய மெல்லிய படலம் எக்ஸ்ரேயில் விழாது என்பதால் நூலிழைபோல் கம்பி மட்டுமே மிஞ்சும். அவசரக் கண்ணுக்கு அதுவும் தப்பும். பழைய கார்டியோசீல் இரண்டு சதுரக் குடைகள் முதுகோடு முதுகாக ஒட்டியதுபோல் இருக்கும்.

அடையாளம் காண்பதுதான் போட்டி என்றால் என் ஓட்டு ஆம்பிளாட்சருக்கே. கம்பி முறிந்ததா என்று தேடும்போது நிலைமை தலைகீழ். நெருங்கிப் பின்னிய வலையில் ஓர் இழை அறுந்தால் கூட்டத்தில் காணாமற்போகும். ஹெலக்ஸிலும் கார்டியோசீலிலும் கம்பி முறிவது அறியப்பட்ட குறைதான், ஆனால் சட்டகம் எளிமையானதால் முறிந்த இடம் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

டிவைஸ் நழுவியிருந்தால் பேச்சே வேறு. நுரையீரல் தமனிக்கோ இடது கீழறைக்கோ போய்விட்ட உலோகத்தை, முந்தைய படத்தோடும் பக்கவாட்டுப் படத்தோடும் ஒப்பிட்டால் எந்த வகையானாலும் பிடித்துவிடலாம். இங்கே ஒரு பொறி உண்டு. கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் தமனி நாளம் பிறந்தபின் மூடாவிட்டால், அதை அடைக்கவும் இதே குடும்பத்து டிவைஸ்கள் இருக்கின்றன. அவை பெருந்தமனியின் வளைவுக்குச் சற்றுக் கீழே இடப்பக்கம் அமரும். அதைப் பார்த்து மேலறை டிவைஸ் நழுவிவிட்டது என்று பதறுவதற்குமுன் சிகிச்சைக் குறிப்பைப் புரட்டுவது நல்லது.

ஓரத்தில் ரத்தம் இன்னும் கசிகிறதா என்ற கேள்விக்கு மூன்றில் எதன் எக்ஸ்ரேயிலும் பதில் இல்லை. அங்கே ரத்தமும் தசையும் ஒரே நிழல். அதற்கு ஒலியலையால் இதயத்தைக் காட்டும் எக்கோதான் பார்க்க வேண்டும்.