அந்த 48,000 யென்: ஜப்பானில் புது வீட்டுக்குப் பழைய சாமான் வாங்குகிறவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டோக்கியோ நிஷி-கசாயில் போன சனிக்கிழமைதான் புது வீட்டுக்கு வந்தோம். இன்று வியாழன். அதற்குள் 48,000 யென் போச்சு. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இங்கே வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்தான். அடுப்பு கிடையாது, திரைச்சீலை கிடையாது, பல வீடுகளில் விளக்குகூட நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுத்துத் திரும்பி வராத ரெய்கின், தரகு, நம் வாடகைக்கு உத்தரவாதம் நிற்கும் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், பூட்டு மாற்ற ஒரு கட்டணம் என்று கட்டி முடித்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் இணையத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், கேஸ் அடுப்பு நான்கும் சேர்த்து 48,000 யென்னுக்குச் சொன்னேன்.

இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். வாசலில் குனிந்து வணங்கினார்கள். ஷூவைக் கழற்றி, பையிலிருந்து புதுக் காலுறை எடுத்து மாட்டிக்கொண்டு, தரையில் கீறல் விழக்கூடாது என்று போர்வை விரித்து அதன்மேல் ஃபிரிட்ஜை நகர்த்தினார்கள். என் மனைவி காப்பி போடட்டுமா என்று கேட்டாள். அந்தக் காலுறையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ரசீது மின்னஞ்சலில் வரும் என்றார்கள். சரி என்றேன். இன்னும் வரவில்லை.

மறுநாள் எரிவாயு இணைப்பைத் திறந்துவிட ஊழியர் வந்தார். அடுப்பைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினார். அது சிலிண்டர் கேஸ் அடுப்பு. எங்கள் கட்டடத்துக்கு வருவது குழாய் கேஸ். இணைக்கவே கூடாதாம். ஸ்டிக்கரில் எல்.பி. என்று ஆங்கில எழுத்திலேயே இருந்தது, அதுதான் வயிறு எரிகிறது.

அன்று மாலை மைக்ரோவேவில் சாதம் சூடாக்கினோம். உர்ரென்று உறுமி, கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. பின்பக்கத்தைப் படம் எடுத்து அலுவலக நண்பருக்கு அனுப்பினேன். அது 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள மின்சாரத்தில் மட்டும் ஓடுவது, ஒசாகா பக்கத்துச் சாமான். டோக்கியோ மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மெய்ஜி பேரரசர் காலத்தில், டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால் வந்த பிரிவு, இன்னும் ஒன்றாகவில்லையாம். இந்த வரலாற்றுப் பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம் 48,000 யென். வாஷிங் மெஷினிலும் தண்ணீர் வடிவதில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுகிறது.

கடைக்கு எழுதினேன். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பொறுப்பாளர் விடுமுறை என்றார்கள். அப்புறம், "உங்கள் வீட்டு எரிவாயு வகையை நீங்கள் சொல்லவில்லையே." முகவரி கொடுத்துத்தானே வாங்கினேன்? திரும்ப எடுத்துப் போக 15,000 யென் ஆகும் என்றார்கள், பணம் திரும்புமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நேற்றிலிருந்து செய்தியைப் படிக்கிறார்கள், பதிலில்லை. தொலைபேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை.

கீழ்வீட்டு அண்ணன் பதினைந்து வருடமாக இங்கே இருப்பவர். "பின்பக்கத்தத் திருப்பிப் பாக்காமயா வாங்குன தம்பி?" என்றார். என்ன சொல்ல.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது. அடுப்பு வாங்கும் முன் வீட்டில் எந்த கேஸ் என்று தரகரிடம் கேளுங்கள். மின்சாதனத்தில் 50/60 இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய பொருள் விற்பவரின் பக்கத்தில் உரிம எண் இல்லையென்றால் வேண்டாம். ரசீது இல்லாமல் ஒரு யென் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் 188-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். வீட்டுக்கு வந்து விற்றவரிடம் வாங்கியது என்றால் 8 நாளுக்குள் ரத்து செய்யலாம், நாமே இணையத்தில் தேடிப் போய் வாங்கியதற்கு அந்த வசதி இல்லை என்று எனக்கு அங்கேதான் சொன்னார்கள்.

வாஷிங் மெஷினைக் குப்பையில் போடவும் முடியாது, சட்டப்படி மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். 48,000 போதாதென்று அது வேறு. ஞாயிறு காலை எரிவாயுக்காரர் மறுபடி வருகிறார். அதற்குள் அடுப்பு வாங்கியாக வேண்டும், இந்த முறை புதிது.