அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு ‘டேபிள் உறுதி’ என்று விற்கிற பஸ் பேக்கேஜை நம்பாதீர்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் வருஷா வருஷம் நடக்கும் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு நுழைவுச்சீட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. விழா நடக்கும் தெரேசியன்வீசே மைதானத்துக்குள் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் போகலாம். பீர் டென்ட்டுக்குள் போவதற்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாத வெளியூர்க்காரர்களை வைத்தே சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள். 2025 விழாவில் எங்கள் பணம் அப்படித்தான் போனது.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள். எங்களில் ஒருவனின் அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தார். மூட்டுவலிக்காரர், ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆனாலும் அந்த பேண்டு வாத்தியத்தையும் கூட்டத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவருக்கு உட்கார இடம் நிச்சயம் வேண்டும் என்பதால்தான் ‘டேபிள் உறுதி’ என்று விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்தின் பஸ் பேக்கேஜை எடுத்தோம். காலையில் கிளம்பி இரவு திரும்பலாம். ‘நுழைவுக் கட்டணம்’, பெரிய டென்ட்டில் இடம், ஆளுக்கு இரண்டு மாஸ் (ஒரு மாஸ் என்றால் ஒரு லிட்டர்) பீர், அரைக் கோழி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 179 யூரோ. பணம் கட்டியதும் டென்ட்டின் பெயரும் ஒரு முன்பதிவு எண்ணும் போட்டு உறுதிக் கடிதம் அனுப்பினார்கள்.

அன்று சனிக்கிழமை. பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது, சரி, அதை விடுங்கள். டென்ட் வாசலில் எங்களை அழைத்து வந்த வழிகாட்டி ஒரு கணினி அச்சுத்தாளை நீட்டினார். காவலாளி அதைப் பார்த்துவிட்டு அசல் கூப்பன்கள் எங்கே, கைப்பட்டைகள் எங்கே என்று கேட்டார். வழிகாட்டியிடம் எதுவும் இல்லை. அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து எண்ணைச் சரிபார்த்தார். அந்த எண்ணில் ஒரு முன்பதிவு இருந்தது உண்மைதானாம். ஆனால் அது வெளியே விலைக்குப் போகிறது என்று தெரிந்ததும் பல வாரங்களுக்கு முன்பே ரத்து செய்து, பதிவு செய்தவருக்கு எழுத்திலும் தெரிவித்துவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். டேபிள் இல்லை என்று தெரிந்துகொண்டே எங்களை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். வழிகாட்டி, தான் தினக்கூலிக்கு வந்தவர், அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார். அலுவலக எண்ணை யாரும் எடுக்கவில்லை. எங்களோடு பஸ்ஸில் வந்த ஒரு வயதான ஜெர்மன் தம்பதி, பவேரிய உடை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தவர்கள், வாசல் ஓரமாகவே நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் என்பதால் பக்கத்து டென்ட்களிலும் கூட்டம் நிறைந்துவிட்டது என்று கதவை மூடிவிட்டார்கள். “விடுங்க தம்பி, நின்னுக்கிட்டே பார்த்துட்டுப் போயிடலாம்” என்று அப்பா எங்களைச் சமாதானப்படுத்தினார். ஒரு டென்ட்டின் வெளித்தோட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள் இருவர் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். பெஞ்சில் இடம் இருப்பவருக்குத்தான் பரிமாறுவார்கள், நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

உண்மையில் இந்த முன்பதிவு நடக்கும் விதமே வேறு. ஒவ்வொரு டென்ட்டையும் நடத்துபவர் நேரடியாக இடம் கொடுக்கிறார். இடத்துக்கென்று தனி விலை பொதுவாக இல்லை. எட்டு அல்லது பத்துப் பேர் மேசைக்கு, ஆளுக்கு இத்தனை என்று பீர், சாப்பாட்டுக் கூப்பன்களை முன்கூட்டியே வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2025-ல் ஒரு மாஸ் பீர் டென்ட்டைப் பொறுத்து 14.50 முதல் 15.80 யூரோ வரை இருந்தது. இரண்டு மாஸும் அரைக் கோழியும் சேர்த்தால் ஏறக்குறைய ஐம்பது யூரோ வரும். 179-இல் மீதி எதற்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடைத்தரகர் விற்கும் டேபிளை டென்ட்காரர்கள் செல்லாது என்று ரத்து செய்யலாம், செய்கிறார்கள். அனுமதியில்லாத இப்படிப்பட்ட மறுவிற்பனைக்கு எதிராக ஒரு டென்ட் தரப்பு தொடர்ந்த வழக்கில், மியூனிக் நீதிமன்றம் 2021-லேயே விற்பனைத் தளத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

டேபிள் இல்லாமலும் போகலாம். எல்லா இடத்தையும் முன்பதிவுக்கே கொடுத்துவிடக் கூடாது, ஒரு பங்கைப் பொதுவில் விட்டுவைக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. வார நாளில் காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் சின்னக் குழுவுக்கு இடம் கிடைத்துவிடும். வயதானவர்களோடு சனிக்கிழமை போகவே போகாதீர்கள். 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமையன்று, நெரிசல் தாங்காமல் மைதானத்தையே கொஞ்ச நேரம் மூட வேண்டியதாயிற்று. மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பையை உள்ளே விடமாட்டார்கள், அதையும் எங்கள் பஸ்காரர்கள் சொல்லவில்லை. முதுகுப்பையோடு வந்தவர்கள் வாசலில் காசு கொடுத்துப் பையை வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது.

அப்புறம் பீர் அளவு. அப்பாவுக்குப் பீர் பழக்கம் இல்லை, அவருக்கு எலுமிச்சை சோடா. அவர் பக்கத்தில் எப்படியோ ஒண்டிக்கொண்ட நண்பனுக்கு வந்த குவளையில் நுரை அடங்கியதும் பீர் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது. ஒவ்வொரு குவளையிலும் ஒரு லிட்டர் கோடு பொறித்திருக்கும். அதற்குக் கீழே இருந்தால் நிரப்பித் தரக் கேட்பது உங்கள் உரிமை. இந்தக் குறைவளவை எதிர்ப்பதற்கென்றே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது என்றால் இது எவ்வளவு பழைய தொல்லை என்று பாருங்கள். குடிக்கத் தொடங்கும் முன் குவளையைக் காட்டி “பிட்டே நாஹ்ஷெங்கன்” என்று சொன்னால் போதும். நண்பன் சொன்னான், முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுத்தார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் சட்டம் புரிந்தது. ஜெர்மனியில் 24 மணி நேரத்துக்குள் முடிகிற, இரவுத் தங்கல் இல்லாத, 500 யூரோவைத் தாண்டாத பயணத்துக்கு பேக்கேஜ் சுற்றுலாச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. நிறுவனம் திவாலானால் பணம் திரும்பும் என்ற காப்பும் அதனால் இல்லை. ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமையும் குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைக்குப் பொருந்தாது. இப்படிப்பட்ட ஒருநாள் பயணங்களை விற்பவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் சொன்னதைத் தராதவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற சாதாரண ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. நாங்கள் அதன்படி கெடு வைத்துக் கடிதம் அனுப்பினோம். நுகர்வோர் ஆலோசனை மையத்திலும், அதாவது ஃபெர்பிராவ்ஹர்ட்சென்ட்ராலேயில், கேட்டோம். காவல்துறையின் இணையதளத்தில் மோசடிப் புகாரும் கொடுத்தோம்.

கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி மூலம் எதிர்ப்புத் தெரிவித்துப் பணம் திரும்பிவிட்டது. டென்ட் அலுவலகப் பெண்மணி, ரத்து செய்த விவரத்தை மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தது அதற்குப் பெரிய உதவியாக இருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியவர்களுக்கு இதை எழுதும்வரை ஒரு சென்ட் கூட வரவில்லை. நண்பனின் அப்பாவுக்கான பணமும் அதில்தான் இருக்கிறது.

அடுத்த விழாவுக்கு இப்படி ஏதாவது ஒரு பேக்கேஜுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், முன்பதிவு எண்ணையும் எந்த டென்ட் என்பதையும் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை அந்த டென்ட்டின் அலுவலகத்துக்கு அனுப்பி, பதிவு உயிரோடு இருக்கிறதா, உங்கள் குழுவுக்கு அது செல்லுமா என்று கேளுங்கள். விற்றவர் எண்ணைத் தர மறுத்தால் விழா வரை காத்திருக்காமல் அன்றைக்கே வங்கிக்குப் போன் செய்துவிடுங்கள்.