அம்மாவின் மாதாந்த கிளினிக்: ஊசி நல்லது, வரிசை மோசம்

இலங்கையின் வன்னியில், ஏ9 வீதியோரம் உள்ள ஒரு அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக் பற்றி. ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற நான்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மருந்து இலவசம், அதில் குறை இல்லை. குளுசையை விழுங்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, பிறகு கோழிக்கூட்டுப் பக்கம் துப்புகிற அம்மாவுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி பெரிய ஆறுதல் (எனக்குத்தான் கூட). தாதி அக்கா “சாப்பிட்டீங்களா அம்மா” என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

ஆனால் நம்பர் துண்டுக்கு விடியவே நிற்க வேண்டும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக ஏலாது. டொக்டர் மாறிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், அதுவும் அம்மாவுக்கு முன்னாலேயே. “வீட்டில பெரியாக்கள் இல்லையா” என்பார்கள். “நீ நித்திரை கொள்கிறாயா” என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை.

இரவில் அந்தரமென்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள், மழைக்கு நனைந்தால் அதற்கும் ஏச்சு.