ராத்திரிக் கணக்கா, நாள் முழுக்கக் கணக்கா?

வேலூர் ஆற்காடு ரோட்டில் எங்கள் மருந்துக் கடை. போன மாதம் ஒரு மத்தியானம், மனைவியை வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து அழைத்து வந்த பெரியவர் ஒருவர், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். அரைகுறை இந்தியில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

இப்படி ஒன்று நடந்தால் அதை எவ்வளவு நேரம் யோசிக்கலாம்? எனக்குத் தெரிந்து மூன்று வழி.

முதலாவது சித்தப்பாவின் வழி. கடை அவருடையது. ஷட்டரை இறக்கினால் அன்றைய நாளும் அதோடு சரி. "போனதப் பேசி என்னடா ஆகப்போவுது?" என்பார். வேலூர்க் கொசுக்கடியிலும் ஐந்தே நிமிஷத்தில் குறட்டை. நிம்மதியான மனுஷன்தான். ஆனால் வேலைக்கு வரும் பையன்கள் ஆறு மாதம் தாண்டுவதில்லை, ஏன் என்று அவர் யோசித்ததும் இல்லை.

இரண்டாவது என் பழைய வழி. காட்பாடி பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போதே தொடங்கிவிடும்: நான் ஏன் இப்படி? சாப்பாட்டில், குளியலில், பாயில் படுத்தும் அதேதான். இதற்குப் பெயர் மனசாட்சி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கவனித்துப் பார்த்தால், பாதி ராத்திரிக்கு மேல் அந்தப் பெரியவர் கதையிலேயே இருக்க மாட்டார். நான் எவ்வளவு கெட்டவன் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், தற்செயலாக, சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் மாணவர்களின் மனநிலையை அளந்து வைத்திருந்தார். மனக்கஷ்டத்தை அசைபோடும் பழக்கம் அப்போதே இருந்தவர்கள்தான் ஏழு வாரம் கழித்தும் அதிகமாகச் சோர்ந்து கிடந்தார்கள்.

மூன்றாவது, நோட்டில் எழுதி வைப்பது. கல்லாவை ராத்திரி ஒருமுறை எண்ணுகிறோம். மணிக்கொரு தரம் எண்ணினால் வியாபாரத்தை யார் பார்ப்பது? 1986இல் வெளிவந்த, உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் சோதனையில், மாணவர்கள் தங்கள் ஆழமான காயங்களைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 15 நிமிஷம், நான்கே நாள். நடந்ததோடு மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். ஆயுள் முழுக்க எழுதச் சொல்லி யாரும் அவர்களை உட்கார வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நோட்டிலும் ஒரு வம்பு உண்டு: எழுத்து அழகாக வரத் தொடங்கினால், செய்த தப்பும் அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் என் நோட்டு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான், ஒரு நாளைக்கு இரண்டு வரி. எதுவும் உறுத்தாத நாளில் அதுவும் கிடையாது.

என் ஓட்டு இதற்குத்தான். எழுதி முடித்த பிறகு சித்தப்பாவின் தூக்கத்தையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று எழுதியது: "பேசினது தப்பு. இனிமேல் கவர்மேல் படம் போட்டுக் கொடுக்கணும்." மறுநாளிலிருந்து சோற்றுத் தட்டு வரைந்து, தட்டுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு மாத்திரையும் போட்டுத் தருகிறேன். நான்கு நாள் கழித்துப் பெரியவர் வந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் கேட்டார்: "சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?"